பாச்சை உருண்டையும் அதிரச மாவும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எட்டயபுரத்து வீடுகளில் இரண்டு சத்தம் கூடிவிடும். ஒன்று, வெளிச்சம் விழும் ஜன்னலோரமாக இழுத்துப் போட்ட தையல் மெஷினின் கடகடப்பு. இன்னொன்று, எண்ணெய்ச் சட்டியில் மாவு விழும் சத்தம். பிள்ளைகளுக்குச் சட்டையும் பாவாடையும் தைத்து, அதிரசம், முறுக்கு, சீடை என்று சுட்டு அடுக்கி முடிக்கிறவரை பெண்களுக்குத் தூக்கம் பாதிதான்.

பருத்தி விளைந்த கரிசல் பூமி இது. பாரதியின் தகப்பனார் சின்னசாமி ஐயர் இந்த ஊரில்தான் பஞ்சாலை வைத்து நொடித்துப் போனார். மேற்கே பதினைந்து கிலோமீட்டரில் கோவில்பட்டி. அந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெற்கே தேரிக்காட்டுப் பனையிலிருந்து வரும் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் கிடைத்தது. துணிக்கும் தின்பண்டத்துக்கும் பஞ்சமில்லாத சீமை. நம்பிக்கைகளுக்கும் பஞ்சமில்லை. வீட்டில் தைத்தது, வீட்டில் சுட்டது என்றாலே பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது என்று மனசு நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையை ஒருமுறை வெயிலில் உதறிப் பார்க்க வேண்டும்.

“பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழசைத்தான் போடணும்”

ஆச்சிமார் சொல்லும் இந்தச் சொல்லில் நியாயம் இருக்கிறது. கடைத் துணியில் கஞ்சி இருக்கும், ஒட்டாத சாயம் இருக்கும், சுருக்கம் விழாமலிருக்கப் போட்ட ரசாயனம் இருக்கும். பச்சைப்பிள்ளையின் தோல் நம் தோலைவிட மெல்லியது. தாத்தா கட்டிக் கட்டி நைந்த வேட்டி அதற்குச் சுகமாக இருக்கும் என்பது அனுபவத்தில் கண்டது. புதுத்துணியையும் இரண்டு தரம் நன்றாக அலசி வெயிலில் காயவைத்துவிட்டால் தாராளமாகப் போடலாம். தோஷம் எதுவும் கிடையாது.

ஆபத்து இருப்பது வேறு இடத்தில். அந்தப் பழைய வேட்டி இத்தனை நாள் எங்கே இருந்தது? டிரங்குப் பெட்டியில், பாச்சை உருண்டைகளோடு.

என் மூத்த பிள்ளைக்கு மூன்றாம் நாள் மஞ்சள் ஏறியது. பத்தியம் பிசகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் என்னைத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இதை எங்கேம்மா வெச்சிருந்தீங்க?” என்று கேட்டார். எனக்கு அப்போது புரியவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாச்சை உருண்டையில் இருப்பது நாஃப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆவி தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை மளமளவென்று ஏறும். கவனிக்காமல் விட்டால் மூளையைப் பாதிக்கும். இந்தக் குறை ஆண் பிள்ளைகளிடம் அதிகம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

ஆகவே, பிள்ளைக்கென்று எடுத்து வைக்கும் பழந்துணியைத் துவைத்து, மொரமொரவென்று காயவைத்து, உலர்ந்த வேப்பிலை போட்டுத் தனி டப்பாவில் வையுங்கள். பாச்சை உருண்டை வாசம் பட்ட துணி கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

“பட்டன் உறுத்தும், கழுத்துக்கு நாடா வெச்சுத் தை”

கைக்குழந்தைச் சட்டைக்கு நாடாதான் வழக்கம். ஆனால் தவழ ஆரம்பித்த பிள்ளைக்குக் கழுத்து நாடா ஒரு கண்ணி. கதவுத் தாழ்ப்பாளில், கட்டில் முனையில், ஊஞ்சல் சங்கிலியில் மாட்டினால் இறுக்கிவிடும். ஐரோப்பிய நாடுகளின் தர விதி, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடையில் தலையிலும் கழுத்திலும் கயிறோ நாடாவோ கூடாது என்கிறது. அமெரிக்காவிலும் 1996-இல் இதுபோல வழிகாட்டுதல் வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு வந்த விதிகள் இவை.

நாடாவுக்குப் பதில் தோள்பட்டையில் முன்துண்டும் பின்துண்டும் மூன்று விரல் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி தைத்துவிடுங்கள். தலை நுழையும்போது விரியும், போட்டபின் மூடிக்கொள்ளும். கழுத்து ஓரத்துக்குத் துணியைக் குறுக்காக வெட்டிய கிராஸ் பட்டி கொடுத்தால் உறுத்தாது. பட்டன் வைத்தே ஆகவேண்டுமென்றால் இரட்டை நூலில் தைத்து, இரண்டு விரலால் பிடித்து ஓங்கி இழுத்துப் பாருங்கள். உங்கள் கைக்கு வராத பட்டன்தான் பிள்ளை வாய்க்கும் போகாது.

“வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா தை”

பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் இருக்கும் பிள்ளை ஒரு வருஷத்தில் 75-ஐத் தொடும். அந்த வயதில் பெரிதாகத் தைப்பதில் அர்த்தம் உண்டு. மூன்று வயதுக்குமேல் அந்த வேகம் கிடையாது. வருஷத்துக்கு ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் உயரத்தில். தோளையும் கழுத்தையும் பெரிதாக வெட்டினால் சட்டை ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும். பிள்ளைக்கு நாள் முழுக்க இழுத்து விடுவதே வேலை.

தோளை அளவாக வெட்டுங்கள். வளர்ச்சிக்கு வேண்டிய துணியைப் பாவாடையின் அடிமடிப்பில் மூன்று அங்குலம் வையுங்கள், இடுப்புக்குக் கீழே உள்பக்கமாக ஒரு மடிப்பு பிடித்துப் பெரிய தையல் போடுங்கள். அடுத்த பொங்கலுக்கு அந்த ஒரு தையலைப் பிரித்தால் போதும். இன்னொன்று: பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துவிடுங்கள். முதல் துவையலில் சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும்.

வீட்டில் தைத்தால் காசு மிச்சம் என்பார்கள். வெட்டுத்துணியில், பழைய சேலையில் தைத்தால் மிச்சம்தான். புதுத்துணி எடுத்து, லைனிங், ஜிப், லேஸ் எல்லாம் வாங்கித் தைத்தால் ரெடிமேட் விலையை எட்டிவிடும். வீட்டுத் தையலின் பெருமை அளவு சரியாக அமைவதிலும் தையல் விடாமல் உழைப்பதிலும் இருக்கிறது.

“தூரமான பொம்பளை தொட்டா அதிரச மாவு கெட்டுப்போகும்”

இதைச் சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. எத்தனை பெண்கள் தீபாவளிக்கு முதல் நாள் அடுக்களை வாசலில் வேற்றாள்போல ஒதுங்கி நின்றிருக்கிறார்கள்! அதிரசம் எண்ணெயில் பிரிந்தால் பழி அவள் தலையில். சீடை வெடித்தால் பக்கத்து வீட்டுக்காரி கண்.

அதிரசம் பிரிவது பாகினால். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்தி, அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரியவேண்டும், உதறினால் உதிர்ந்துவிட வேண்டும் என்ற பக்குவத்தில் இடிக்க வேண்டும். ரொம்பக் காய்ந்த மாவு பாகைச் சரியாக வாங்காது. பாகுக்குப் பதம் பார்க்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். கரைந்து ஓடினால் பதம் வரவில்லை. விரலால் கூட்டினால் மெழுகுபோல மெத்தென்று உருள வேண்டும். அதற்கு முன்னால் இறக்கிய இளம்பாகில் கிளறிய மாவுதான் எண்ணெயில் பிரிகிறது. அதற்கு மேல் போய்த் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்கிற பதம் கடலை மிட்டாய்க்கு. அந்தப் பாகில் அதிரசம் தட்டினால் கல்லாகிவிடும்.

சீடை வெடிப்பது நீராவியால். தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்தறுநூறு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அழுத்தி உருட்டிய சீடையின் மேல்பக்கம் எண்ணெயில் இறுகி மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஈரம் போக வழியில்லாமல் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். மாவை இரண்டு முறை சலித்து, இறுக்காமல் உருட்டி, துணியில் பரப்பி உலர்த்தி, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து குத்திப் போடுங்கள். மாதவிலக்குக்கும் மாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கை யாருடையதாக இருந்தாலும் மாவுக்கு ஒன்றுதான்.

“கருப்பட்டியிலே சர்க்கரை கிடையாது, பிள்ளைக்கு எவ்வளவும் குடு”

உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை. அதில் கொஞ்சம் தாது உப்புக்களும் உண்டு. ஆனாலும் கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே பொருள்தான். கிராமுக்கு ஏறத்தாழ நான்கு கலோரி. பல்லில் இருக்கும் கிருமி பதநீரில் வந்த இனிப்பு, கரும்பில் வந்த இனிப்பு என்று பிரித்துப் பார்க்காது.

உணவில் தனியாகச் சேர்க்கும் இனிப்பு மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நாளுக்கு 1,300 கலோரி சாப்பிடும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது முப்பது கிராம் சொச்சம். பாதிக்குப் பாதி வெல்லம் போட்ட கடலை மிட்டாய் அறுபது கிராம் தின்றால் கணக்கு முடிந்தது. ஒன்று போதும், தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பிறந்த பிள்ளைக்குக் கருப்பட்டித் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரால் தசைகள் தளர்ந்துபோகும் பொட்டுலிசம் என்ற நோய் வரலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும்.

வெல்லம் வெளுப்பாக இருந்தால் சுத்தம் என்று தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பளிச்சென்ற மஞ்சள் நிறம் வரவழைக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் சேர்ப்பது உண்டு. கறுத்த வெல்லத்தை வாங்குங்கள்.

“நிலக்கடலை பித்தம், சின்னப் பிள்ளைக்கு ஆகாது”

லண்டனில் நடந்து 2015-இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள 640 குழந்தைகளை ஐந்து வயதுவரை பின்தொடர்ந்தது. முதல் வயதிலேயே கடலை சேர்ந்த உணவு தின்று பழகியவர்களிடம் கடலை ஒவ்வாமை எண்பது சதவீதம் குறைவு. ஒதுக்கி வைப்பதுதான் பாதுகாப்பு என்ற பழைய வைத்திய ஆலோசனையே அதன்பின் மாறியது. கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கு மட்டும் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஐந்து வயதுவரை பொடித்தோ அரைத்தோதான் கொடுக்க வேண்டும், முழுக்கடலை பதித்த மிட்டாயும் அதற்குப் பிறகுதான். அடுத்தது, பூஞ்சை. கடலையைச் சுளகில் பரப்பி, சுருங்கியதை, பச்சை படர்ந்ததை, கசப்பதைப் பொறுக்கிக் கீழே போடுங்கள். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். வறுத்தால் போய்விடும் என்பது தவறு, முழுதாகப் போகாது. மாட்டுக்கும் அதைப் போடாதீர்கள், பாலில் வந்துவிடும்.

பொரித்த எண்ணெயை வடிகட்டினால் புதுசாகிவிடும் என்பதும் இதே ரகம். தூள் போகும், சிதைந்த எண்ணெய் போகாது. கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகையத் தொடங்கிய எண்ணெயில் இனிப் பலகாரம் சுட வேண்டாம், புது எண்ணெயோடும் கலக்க வேண்டாம்.

“காட்டன் துணி தீப்பிடிக்காது”

தையலும் அடுப்பும் சந்திக்கும் இடம் தீபாவளிக் காலை. பருத்தி நன்றாகவே தீப்பிடிக்கும். மெல்லிசாகவும் தொளதொளவென்றும் இருந்தால் இன்னும் வேகமாக. ஆனால் நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காயம் ஆழமாகப் போகும். உடம்போடு ஒட்டிய, சற்றுக் கனத்த பருத்திச் சட்டைதான் பட்டாசுக்கும் அடுப்படிக்கும் ஏற்றது. குடைபோல விரியும் நெட் கவுனைக் கோயிலுக்குப் போட்டுவிடுங்கள்.

கடைக்காரர் பட்டு என்று சொன்ன துணி பட்டுதானா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். உண்மைப் பட்டு முடி கருகிய வாசம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம் எரிந்த வாசம் அடித்து எரிந்து முடியும். உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் அது பாலியஸ்டர். அந்தப் பாவாடையோடு பிள்ளையை அடுப்பு பக்கமோ மத்தாப்பு பக்கமோ விடாதீர்கள்.

எண்ணெய் தெறித்தாலோ தீ சுட்டாலோ இங்க், பற்பசை, இட்லி மாவு, ஐஸ் எதையும் வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல் விட்டுவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள்.