மறுக்கப்பட்ட படைவீரர் நட்டஈடும் மனைவியின் சாட்சியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படைச்சேவை செய்து, அச்சேவையின் காரணமாக நோயோ காயமோ அடைந்தவர்கள் மாதந்தோறும் இயலாமை நட்டஈடு பெறுவதற்குச் சட்டம் இடமளிக்கிறது. முன்னாள் படைவீரர் அலுவல்கள் திணைக்களம் இதனை வழங்குகிறது. விண்ணப்பித்த யாவருக்கும் அது கிடைத்துவிடுவதில்லை. மறுப்புக் கடிதம் வந்ததும் அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, இனி இதைப்பற்றிக் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிடும் கணவன்மார் பலர். அந்நாட்டில் குடியேறிய எம்மவருள்ளும் படைச்சேவை செய்தவரை மணந்தோர் உளர். அவர்களுக்கும், அவர்களது கவலையைத் தொலைபேசியில் கேட்டு என்ன சொல்வதென்று அறியாதிருக்கும் இங்குள்ள பெற்றோர் சகோதரருக்கும் பயன்படுமென்றே இதனை எழுதுகிறோம். மனைவி என்று குறிப்பிட்டாலும், படைச்சேவை செய்த பெண்ணின் கணவருக்கும் இவை யாவும் பொருந்தும்.

முதலில் அந்தக் கடிதத்தை லாச்சியிலிருந்து வெளியே எடுங்கள். அதன் திகதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், முடிவுக்கான காரணங்கள் கூறப்பட்டுள்ள பகுதியை இரண்டு முறை ஆறுதலாக வாசியுங்கள். பொதுவாக மூன்று விடயங்கள் நிறுவப்பட வேண்டும். இப்போது நோய் இருக்கிறது என்பது ஒன்று. சேவைக் காலத்தில் அதற்குக் காரணமான ஒரு சம்பவமோ காயமோ நேர்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது மூன்றாவது. அனேகமாக இவற்றுள் ஒன்றே குறைபட்டிருக்கும்; மூன்றாவது குறைபடுவதே அதிகம். எது குறைகிறது என்று அறியாமல் கட்டுக்கட்டாகக் கடதாசிகளை அனுப்புவதால் பயனில்லை. சில கடிதங்களில் "0 வீதம்" என்று இருக்கும். அது மறுப்பு அன்று. நோய் சேவையால் வந்தது என்பதை ஏற்றுக்கொண்டு, அதன் கடுமை பணம் வழங்கும் அளவில் இல்லை என்று கூறியிருக்கிறார்கள். இனி நிறுவ வேண்டியது கடுமையை மட்டுமே.

சில நோய்களுக்கு அந்தத் தொடர்பைத் தனியே நிறுவ வேண்டியதில்லை. சட்டமே அதனை ஊகித்துக்கொள்கிறது. வியட்நாமில் அமெரிக்கப் படையினர் 1962 முதல் 1971 வரை காடுகளை அழிக்க நச்சு மருந்துகளைத் தெளித்தனர். அவற்றுள் பெயர்பெற்றது ஏஜென்ற் ஒறேஞ்ச். அங்கே சேவை செய்தவருக்குப் பின்னாளில் நீரிழிவின் இரண்டாம் வகையோ பார்க்கின்சன் நோயோ வந்தால், அது சேவையால் வந்ததென்றே கொள்ளப்படும். 2022 ஆகஸ்ட் 10ஆந் திகதி கையொப்பமிடப்பட்ட, 'பக்ற்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் உயர் இரத்த அழுத்தத்தையும் அப்பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் உயர் இரத்த அழுத்தத்துக்கென விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் மீண்டும் கேட்கலாம். பழைய கடிதங்களை எறிந்துவிடாதீர்கள்.

இனி மனைவியின் சாட்சிக்கு வருவோம். "நான் வைத்தியர் அல்லவே, என் சொல்லை யார் கேட்பார்கள்?" என்று பல மனைவியர் ஒதுங்கிவிடுகின்றனர். இது தவறான எண்ணம். விசேட படிப்போ பயிற்சியோ இல்லாத ஒருவர், தாம் கண்டதையும் கேட்டதையும் சொன்னால் அது தகுந்த சாட்சியமே என்பது அத்திணைக்களத்தின் ஒழுங்குவிதி. இதற்கென்றே 21-10210 என்னும் இலக்கமுடைய படிவம் இருக்கிறது. ஆனால் சாட்சி தன் எல்லைக்குள் நிற்க வேண்டும். "குண்டுச் சத்தத்தால் என் கணவருக்கு மனநோய் வந்தது" என்று எழுதினால் அது வைத்தியர் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்வதாகும். "வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் நித்திரையில் குழறி எழும்புகிறார். கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்து வந்த பின்னரே படுக்கிறார். சென்ற மார்கழியில் மகளின் திருமணத்தின்போது சனக்கூட்டத்தில் இருக்க முடியாமல் வெளியே காரில் போய் இருந்துவிட்டார்" என்று எழுதுங்கள். இதை உங்களைத் தவிர வேறு எவர் சொல்ல முடியும்? முழங்கால் வருத்தமென்றால், எத்தனை படி ஏறியபின் நிற்கிறார், சப்பாத்தை யார் கட்டிவிடுகிறார், எந்த ஆண்டில் வேலையை விட்டார் என்பவற்றை எழுதுங்கள். சேவைக்கு முன்பே அவரை அறிந்திருந்தால், முன்பு எப்படி இருந்தார், திரும்பி வந்தபோது எப்படி இருந்தார் என்பது மிகப் பெறுமதியானது. மிகைப்படுத்த வேண்டாம், வைத்தியக் குறிப்புகளோடு முரண்பட்டால் முழுச் சாட்சியுமே நம்பிக்கை இழக்கும்.

சேர்ந்து பணிசெய்த தோழரின் சாட்சியும் நல்லதே. குருவானவர்களாகிய நாங்கள் எழுதிக்கொடுக்கும் நற்சான்றிதழ்கள் இவ்விடயத்தில் அதிகம் உதவுவதில்லை. "இவர் நற்குணமுடையவர், பூசைக்குத் தவறாது வருபவர்" என்பதை எவரும் மறுக்கவில்லை. பூசை நடுவில் அவர் எழுந்து வெளியே போவதைக் கண்டிருந்தால், குருவானவர் அதை எழுதட்டும்.

நோய்க்கும் சேவைக்கும் உள்ள தொடர்பை வைத்தியர்தான் எழுத வேண்டும். "நிச்சயமாக" என்று அவர் எழுத வேண்டியதில்லை. "அப்படி இருப்பதற்கான வாய்ப்பு, இல்லாதிருப்பதற்கான வாய்ப்புக்குக் குறைந்ததன்று" என்பதே போதும். ஏன் அப்படிக் கருதுகிறார் என்பதையும் எழுத வேண்டும். இருபக்கச் சான்றுகளும் ஏறக்குறையச் சமமாயின் படைவீரருக்குச் சாதகமாகவே தீர்க்க வேண்டும் என்பது சட்டம்.

2019 பெப்ரவரி 19 முதல் மறுப்புக்கு எதிராக மூன்று வழிகள் உள்ளன. புதிய, பொருத்தமான சான்று கிடைத்தால் துணை விண்ணப்பம். சான்று போதும், அதை அவர்கள் பிழையாகப் பார்த்தார்கள் என்றால் மூத்த உத்தியோகத்தரின் மீளாய்வு. இதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. மூன்றாவது, மேன்முறையீட்டுச் சபையின் நீதிபதி முன் செல்வது. பின்னைய இரண்டுக்கும் கடிதத் திகதியிலிருந்து ஓராண்டே தவணை. துணை விண்ணப்பத்தை எப்போதும் செய்யலாம். ஆயினும் அதையும் ஓராண்டுக்குள் செய்தால், வெற்றி பெறும்போது முதல் விண்ணப்பத்தின் நாளிலிருந்து நிலுவை கணக்கிடப்பட இடமுண்டு. தவணை தப்பினால் பல மாதப் பணம் போய்விடும். ஆகவேதான் நாட்காட்டியைப் பற்றி முதலிலேயே சொன்னோம்.

திணைக்களம் வைத்தியப் பரிசோதனைக்கு அழைத்தால் தவறாது போகவேண்டும். போகாமல் விட்டாலே மறுத்துவிடலாம். படைவீரர்கள் பரிசோதனையில் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த ஒரு சொல் கோப்பில் ஏறிவிடும். வைத்தியர் அனுமதித்தால் கூடவே இருங்கள். இல்லையேல் வருத்தம் கடுமையான நாட்கள் எப்படிப்பட்டவை என்பதை முதல்நாள் இருவரும் இருந்து எழுதி, அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

சேவைப் பதிவேடே இல்லை என்று பதில் வந்தால் மனந்தளர வேண்டாம். 1973 யூலை 12ஆந் திகதி சென்ற் லூயிஸ் நகருக்கு அண்மையிலிருந்த பதிவேட்டு நிலையம் தீப்பற்றியதில், 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையான கோப்புகள் அழிந்தன. 1960க்கு முன் தரைப்படையிலிருந்து விலகியோரின் பதிவேடுகளே அவற்றுள் மிகப்பல, பிரதிகளும் இருக்கவில்லை. இப்படிப்பட்டவருக்கு, அக்காலத்தில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் நிழற்படங்களும் சான்றாகலாம். காதற் கடிதமென்று வெட்கப்பட வேண்டாம். திகதியும் முத்திரையுமுள்ள உறைகளோடு எடுத்துவையுங்கள்.

மனைவி என்பதால் மட்டும் திணைக்களம் கணவரின் கோப்பைப் பற்றி உங்களுடன் பேசாது. அவர் எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். அதற்குரியது 21-0845 ஆம் இலக்கப் படிவம். அமெரிக்கன் லீஜன் போன்ற படைவீரர் சங்கங்களில், திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற உத்தியோகத்தர்கள் பணம் வாங்காமலே வழக்கை நடத்தித் தருகிறார்கள். அங்கீகாரம் பெற்ற சட்டத்தரணிகள் முதல் முடிவு வந்தபின் கட்டணம் பெறலாம். நிலுவையில் 20 வீதம் வரை நியாயமானதென்று கருதப்படுகிறது. அங்கீகாரமின்றி, வருங்கால மாதப் பணத்தில் பங்கு கேட்டு வருவோருக்குக் கதவைத் திறவாதீர்கள்.

இன்னுமொன்று. விண்ணப்பமோ மேன்முறையீடோ முடியுமுன் கணவர் இறந்துவிட்டால், வழக்கு அவரோடு புதைந்துவிடுவதில்லை. ஓராண்டுக்குள் மனு செய்து, அவருடைய இடத்தில் நின்று மனைவி அதைத் தொடரலாம். புதிய சான்றும் சேர்க்கலாம். சேவையால் வந்த நோயினாலேயே அவர் இறந்திருந்தால் விதவைக்கென வேறொரு மாதக் கொடுப்பனவும் உண்டு. அதனையும் ஓராண்டுக்குள் கேட்டால் மரணம் நேர்ந்த மாதத்தின் முதல் நாளிலிருந்து கணக்கிடுவார்கள். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் உடனடிக் காரணத்தை மட்டும் எழுதிவிடுவது வழக்கம். சேவையால் வந்த நோயும் துணைக் காரணமாய் இருந்ததென்று வைத்தியர் கருதினால், அதனையும் சேர்த்தெழுதும்படி அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.