யூதக் கல்யாணப் பந்தியா? நெய்ச்சட்டியை ஓரங்கட்டுங்கள்

குமுளிப் பக்கம் யூதக் கல்யாணம், சமையலுக்கு நம் கம்பத்து மாஸ்டர் என்றால், முதலில் மெனுவைச் சைவமா கறியா என்று முடிவு செய்யுங்கள். கோஷர் என்னும் யூத உணவு முறையில் ஆட்டுக்கறி, கோழிக்கறியோடு பால், தயிர், நெய் சேரவே கூடாது. கொச்சி யூதர்கள் தேங்காய்ப்பால் ஊற்றித்தான் சமாளித்தார்கள். நமக்கும் கைவந்த வித்தைதானே! ஆனால் அவர்கள் முறைப்படி அறுக்க ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால் சைவமே நிம்மதி.

மீனுக்குச் செதிலும் துடுப்பும் அவசியம்: வைகை அணைக் கட்லா, ரோகு சரி, கெளுத்தி, இறால் ஆகாது. முட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடையுங்கள். ரத்தப்புள்ளி தெரிந்தால் கொட்டிவிடுங்கள். காலிஃப்ளவரில் ஒரு புழுகூட இருக்கக்கூடாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பழமாகத் தாராளமாக வைக்கலாம். யூதரல்லாதவர் சாறு பிழிந்தால்தான் சிக்கல். வாடகைப் பாத்திரம் வேண்டாம், புதிதாக வாங்குங்கள். அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைக்கட்டும்.