நாற்றங்காலின் காவல்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவிச் செல்லும் திருவரங்கம், மலர்த் தொண்டுக்குப் பெயர் பெற்ற ஊர். தொண்டரடிப்பொடியாழ்வார் இங்கே நந்தவனம் அமைத்து, அரங்கனுக்குத் துளசியும் மலரும் தொடுத்துச் சாத்தினார். நந்தவனமாயினும் இல்லத் தோட்டமாயினும் அதன் வாழ்வு நல்ல கன்றில் தொடங்குகிறது. திருவரங்கத்திலோ திருச்சிராப்பள்ளியிலோ நாற்றுப் பண்ணையொன்றில் ஒரு கன்றைப் பற்றிய நோய், விற்பனையோடு பல தோட்டங்களுக்கும் சென்றுவிடும்.

செடிகளை வருத்தும் நுண்ணுயிர்களுள் பாக்டீரியாவும் ஒன்று. அதில் பல வகை உண்டு. ஒரு வகை செம்பருத்தி இலையில் நீர்கோத்த புள்ளிகளை உண்டாக்கும். மற்றொரு வகை ரோஜாவின் அடித்தண்டில் கழலையாகத் திரளச் செய்யும். வேறொரு வகை செண்டுப்பூச் செடியை வாட்டும். கழலை நோய்க்குக் காரணம் பாக்டீரியாவே என்பதை 1907-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஸ்மித்தும் டவுன்செண்டும் மெய்ப்பித்தனர். வாடிய தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் தொங்கவிட்டால், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்குவதுண்டு. அது பாக்டீரியாவின் அடையாளமாகும்.

இந்நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளைத் தெளித்தனர். ஆயின் 1971-இல் கலிபோர்னியாவின் பேரித் தோட்டங்களில் அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தோன்றிவிட்டது. ஆகவே அறிஞர் நோக்கம் தாவரச் சாறுகளின்பாலும் சென்றது. பூண்டுப் பல்லை நசுக்கியவுடன் அதில் அல்லிசின் என்னும் பொருள் உண்டாகிறது. அதனை 1944-இல் காவலிட்டோ, பெய்லி என்போர் பிரித்தெடுத்தனர். பாக்டீரியா வளரும் கடற்பாசிக் கூழின்மேல் பூண்டுச் சாறு தோய்ந்த தாள் வில்லையை வைத்தால், அதனைச் சுற்றி நுண்ணுயிர் வளராத வெளிவட்டம் தோன்றும்.

எனினும், தட்டில் கண்ட வெற்றி தோட்டத்தில் அப்படியே கிட்டுவதில்லை. அல்லிசின் விரைவில் சிதையும். மழை சாற்றைக் கழுவிவிடும். தண்டின் உட்குழாயில் புகுந்துவிட்ட பாக்டீரியாவை இலைமேல் தெளித்த சாறு எட்டாது. செறிவு மிகின் இளந்தளிர் கருகவும் கூடும். ஆதலின் சாற்றை அன்றன்று பிழிந்து, முதலில் சில கன்றுகளில் மட்டும் தெளித்துப் பார்த்தல் வேண்டும்.

ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், பிருகத் சம்கிதையில் மரநோய்க்கு மருத்துவம் கூறுகிறார். நோயுற்ற பகுதியை முதலில் வெட்டி நீக்குக என்றும், பின்னரே வாய்விளங்கமும் நெய்யும் சேறும் கலந்து பூசுக என்றும் அவர் முறை வகுத்தார். இன்றைய பண்ணைக்கும் அம்முறை பொருந்தும். நோயுற்ற கன்றை அகற்றி எரித்தல், வெட்டுக்கத்தியைத் தூய்மை செய்தல், இலை நனையாமல் வேரடியில் நீர் விடுதல், கன்றுகளிடையே காற்றோட்டம் விடுதல் ஆகியவை முதற்காவல், சாறு துணைக்காவல்.

கன்றை விற்பவர் நோயையும் உடன் விற்றல் அறமன்று. நாற்றங்காலில் காட்டும் கவனமே நந்தவனத்தில் மலராகிறது.