எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர்

அன்புள்ள மருமகளுக்கு,

பயிற்சிக்கு டெல்லி வந்து ஏரோசிட்டி ஹோட்டலில் தங்கப்போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். சனி, ஞாயிறு ஊர் சுற்ற ஹோட்டல் மூலமாகவே கார் பேசிவிட்டாயாமே? எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர், தாண்டினால் கூடுதல் காசு. அது வேண்டாம். ஒரே நாளில் செங்கோட்டையில் தொடங்கி குதுப்மினார் வரை ஓட்டிக் காட்டுவார்கள். நீ பார்ப்பது பாதிக்கு மேல் சிக்னல்தான். நடுவில், டிரைவருக்குக் கமிஷன் கிடைக்கும் ஏதாவது ஒரு சால்வைக் கடையிலும் இறக்கிவிடுவார்கள்.

ஏரோசிட்டியை டெல்லி என்று நினைத்துவிடாதே. விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டல் வரிசை அது, வெளியே வந்தால் நெடுஞ்சாலை. ஆனால் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ அங்கேயே நிற்கிறது. ஏறினால் இருபது நிமிடத்துக்குள் புது டெல்லி ரயில் நிலையம். அங்கே மஞ்சள் தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் சாந்தினி சௌக்.

சனிக்கிழமையை அங்கேயே வை. ஞாயிறன்று பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபதேபுரி மசூதி வரையிலான பெரிய தெருவில், 2021-இல் சீரமைத்த பிறகு, பகலில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நீ பேசிய கார் உன்னை ஓரத்தில் இறக்கிவிட்டு பார்க்கிங் தேடப் போய்விடும். நடப்பவளுக்கோ தெரு முழுக்கச் சொந்தம். வழியில் சீஸ்கஞ்ச் குருத்வாரா வரும். 1675-இல் குரு தேக் பகதூரின் தலையைக் கொய்த இடம் அது. தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார், யாரும் உன் ஊரைக் கேட்க மாட்டார்கள். தெருக்கோடியில் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகளைத் தாண்டும்போது தும்மாமல் வந்தவர்களை நான் பார்த்ததில்லை. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை, நினைவிருக்கட்டும்.

ஞாயிறு காலையில் டெல்லி கேட் நிலையத்தில் இறங்கு. முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் நடந்த பழைய புத்தகச் சந்தை 2019-இலிருந்து பக்கத்திலுள்ள மகிளா ஹாட்டில் நடக்கிறது. பை கொண்டுபோ.

குதுப்மினாருக்கு மட்டும் நான் மெட்ரோ சொல்லமாட்டேன். ஏரோசிட்டியிலிருந்து மெட்ரோவில் போனால் ஊரையே சுற்றிக்கொண்டு வரவேண்டும்; மஹிபால்பூர் வழியாக ஆட்டோவே நேர்வழி. ஆப்பில் கூப்பிட்டால் தொகை முன்கூட்டியே தெரியும். சுமார் 73 மீட்டர் கோபுரத்தையும், பதினாறு நூற்றாண்டுகளாகத் துருப்பிடித்து உதிராமல் நிற்கும் இரும்புத் தூணையும் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா இருக்கிறது, கட்டணம் இல்லை. சுல்தான் பல்பனின் கல்லறை, ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு எல்லாம் அதற்குள்தான். குதுப்மினாரைவிட எனக்கு அந்தப் படிக்கிணறுதான் பிடிக்கும். ஆனால் இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடு. புதர் மண்டிய இடம், தனியாகப் போகிறவளுக்குப் பகல்தான் சரி.

ஆக்ராவுக்கும் கார் வேண்டாம். நிஜாமுத்தீன் நிலையத்திலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். மாலையில் அதிலேயே திரும்பலாம். வெள்ளிக்கிழமை அது ஓடாது, தாஜ்மகாலும் அன்று திறக்காது.

நீ கேட்காமலே உதவ வருகிறவனிடம் நிற்காதே. "இன்று மூடியிருக்கிறது", "உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது, அந்த ஆபீசுக்கு வாருங்கள்" என்பதெல்லாம் ரயில் நிலைய வாசலில் காலங்காலமாக நடக்கும் நாடகம். வழி கேட்பதானால் கடைக்காரரையோ போலீஸ்காரரையோ நீயே போய்க் கேள். இந்தியில் பையா (அண்ணா), கித்னா (எவ்வளவு), நஹீ சாஹியே (வேண்டாம்) என்ற மூன்றும் தெரிந்தால் முதல் வாரம் ஓடிவிடும். மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கானது. ஏதாவது ஆபத்தென்றால் 112.

காரை இன்றே ரத்து செய்துவிட்டு, வந்திறங்கியதும் மெட்ரோ ஸ்மார்ட் கார்டு ஒன்று வாங்கிக்கொள். கட்டணத்தில் பத்து சதவீதம் குறையும். ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயிலுக்கு வரும் நாளை மட்டும் முன்னாடியே சொல்லிவிடு, மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

அன்புடன்,
அத்தை