தங்கவயலில் ஸ்டீல் கிட்டார்: நிறுத்தத் தெரிந்த கை

ஸ்டீல் கிட்டாரை மடியில் கிடத்தி, இடது கையில் உருளையான பாரை எடுத்ததும் யாருக்கும் முதலில் வருவது இழுப்புதான். அது சுலபம், உடனே இனிக்கும், நம் காதுக்கும் பழக்கமானது. வான் ஷிப்லி, சுனில் கங்குலி போன்றவர்கள் இந்திப் படப் பாடல்களை வாசித்த இசைத்தட்டுகளால், இந்தக் கருவி இந்தியா முழுவதும் ‘ஹவாயன் கிட்டார்’ என்ற பெயரில் ஒரு பாடகரின் குரலாகவே அறிமுகமானது. பிரிஜ் பூஷண் காப்ரா அதை ராகத்துக்குக் கொண்டுபோனார். 1967இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’யில் சந்தூருக்கும் குழலுக்கும் நடுவே அவர் கிட்டாரைக் கேட்கலாம். இரண்டு வழியிலும் மெட்டு ஒற்றை இழையாக ஓடுகிறது, சுரங்களுக்கு நடுவே இடைவெளி விடுவது அரிது. ஜாஸ் வாசிக்க வருபவருக்கு இந்தப் பழக்கமே முதல் தடை என்பது என் அனுபவம். ஸ்டீல் கிட்டாரில் ஜாஸ் என்பது பெரும்பாலும் ஒலியை நிறுத்தும் கலை. இழுப்பைக் கடைசியாகக் கற்றால் போதும்.

இதற்குக் காரணம் ரசனை மட்டும் அல்ல, கருவியின் அமைப்பும்தான். மடியில் வைத்து வாசிக்கும் ஆறு தந்திக் கிட்டாருக்கு நான் பரிந்துரைப்பது சி6 சுருதி: தாழ்ந்த 6ஆவது தந்தியிலிருந்து உயர்ந்த 1ஆவது தந்தி வரை சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. பாரை நேராக எங்கே வைத்தாலும் ஒரு சிக்ஸ்த் கார்டு கிடைக்கும். அதே நான்கு சுரங்களுக்கு அடியில் பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தைப் போடுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும்: சி போட்டால் சி6, ஏ போட்டால் ஏ மைனர் 7, எஃப் போட்டால் எஃப் மேஜர் 9. இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் சுருதி ஒன்றை மட்டும் தராது. ஜி7 போன்ற டொமினன்ட் கார்டின் உயிர், பி, எஃப் என்ற இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள ஆறு அரைச்சுர இடைவெளியில் இருக்கிறது. சி6 சுருதியின் எந்த இரண்டு தந்திகளுக்கு நடுவிலும் அந்த இடைவெளி கிடையாது. ஜாஸின் ஓட்டமோ அந்த இழுபறியை நம்பித்தான் இருக்கிறது.

ஆகவே வாசிப்பவர் வேறு வழி தேட வேண்டும். ஒரு வழி, பாரைச் சாய்ப்பது: 5ஆவது தந்தியில் 7ஆவது கோட்டிலும் (ஃப்ரெட்) 3ஆவது தந்தியில் 8ஆவது கோட்டிலும் படும்படி சாய்த்து, அந்த இரண்டு தந்திகளை மட்டும் மீட்டினால் பி, எஃப் இரண்டும் வந்துவிடும். இன்னொரு வழி, பாரை நேராகவே வைத்து இடம் மாற்றுவது. டி மைனர் 7, ஜி7, சி என்ற வரிசைக்கு 5ஆவது கோடு, 13ஆவது கோடு, 12ஆவது கோடு. 13இல் கிடைப்பது டி ஃப்ளாட் 6. அடியில் ஜி ஒலித்தால் அது கூர்மையான, நெருடலான ஜி7 ஆகிவிடுகிறது, 12க்கு இறங்கியதும் நெருடல் தீர்கிறது. இங்கேதான் நிறுத்தும் கை தேவைப்படுகிறது. ஐந்திலிருந்து பதின்மூன்றுக்குப் பார் எட்டுக் கோடு தாண்டிப் போகும்போது தந்திகள் ஒலித்துக்கொண்டிருந்தால் கேட்பது சைரன்தான், கார்டு மாற்றம் அல்ல. வலது உள்ளங்கையின் ஓரத்தால் தந்திகளை அடக்கி, பார் போய்ச் சேர்ந்த பிறகே மீட்ட வேண்டும். பாருக்குப் பின்னால் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தியைத் தொட்டபடியே தொடர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிறீச்சொலி கலக்கும். பயிற்சி நேரத்தில் பாதியை இந்த அடக்கலுக்கே கொடுங்கள் என்பேன், அதுவும் மெட்ரோனோமோடு.

‘இழுப்பை எடுத்துவிட்டால் சாதாரணக் கிட்டாரே போதுமே’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் இழுப்பை விலக்கவில்லை, அதற்கு ஒரு கணக்கு வைக்கச் சொல்கிறேன். நம் சித்திரவீணையையே பாருங்கள். கோட்டு வாத்தியம் என்ற பெயரில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்ற மேதைகளின் கையில் வளர்ந்து, இன்று ரவிகிரண் வரை வந்திருக்கும் அந்தக் கருவியிலும் ஃப்ரெட் கிடையாது, நழுவல் இயல்பு. இருந்தும் கமகம் எங்கே வரலாம், எவ்வளவு வரலாம் என்பதை ராகம் தீர்மானிக்கிறது. ஜாஸில் அந்த வேலையைக் கார்டு செய்கிறது. மைனர் மூன்றாவதற்கும் மேஜர் மூன்றாவதற்கும் நடுவே உள்ள ப்ளூஸ் சுரத்தில் பார் போய் உட்காரலாம். பியானோவால் அது முடியாது. எட்டு தாள அளவுக்கு ஒருமுறை அப்படி ஒரு இழுப்பு வந்தால் மனசு அசையும். ஒவ்வொரு சுரத்துக்கும் வந்தால் எதுவும் அசையாது.

தந்திகளின் சுருதியைக் காலால் மாற்றும் பெடல் ஸ்டீல் இல்லாமல் ஜாஸ் சாத்தியமா என்பது அடுத்த தயக்கம். பட்டி எம்மன்ஸ் 1963இல் ‘ஸ்டீல் கிட்டார் ஜாஸ்’ இசைத்தட்டில் வாசித்தது பெடல் ஸ்டீல்தான், உண்மை. ஆனால் அதில் ‘ஓலியோ’, ‘செரோக்கி’ போன்ற வேகமான மெட்டுகளைக் கேட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தைத் தருவது பெடல் அல்ல, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வெட்டி வைக்கும் வலது கை. அதற்கு முன்பே, 1920களின் இறுதியில், ஹவாயில் பிறந்த சால் ஹூபீ பெடலும் மின்சாரமும் இல்லாத கிட்டாரில் ஜாஸ் மெட்டுகளைப் பதிவுசெய்துவிட்டார். வீட்டிலிருக்கும் சாதாரணக் கிட்டாரே தொடக்கத்துக்குப் போதும். தந்திகளை மேலே தூக்க, நட்டின்மேல் ஒரு உயர்த்தியை மாட்டுங்கள். முழுச் செட் தந்தியை அப்படியே சி6க்கு முறுக்காதீர்கள், அறுந்துவிடும். மெல்லிய தந்திகளாகத் தனித்தனியே வாங்கி, 6இலும் 5இலும் டி தந்தி, 4இலும் 3இலும் ஜி தந்தி, 2இல் பி, 1இல் ஈ என்று கட்டினால் எந்தத் தந்தியும் அரைச்சுரம் இரண்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ வேண்டியிருக்காது.

கோலார் தங்கவயலில் இதற்கெல்லாம் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் நான் அதிகம் பொருட்படுத்துகிறேன். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் நடன இரவுகள் போய்விட்டன, 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில் தினமும் ஊரில் பாதியைப் பெங்களூருக்குக் கொண்டுபோகிறது. ஆனால் ஜாஸுக்குப் பெரிய கூட்டம் தேவையில்லை, அடிச்சுரம் போட ஒருவர் போதும். இங்கே தேவாலயம்தோறும் கீபோர்டு வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள், கார்டுகள் அவர்களுக்கு மனப்பாடம். மேலே சொன்ன 13ஆவது கோட்டுக் கார்டில் பி சுரம் இல்லை. தனியாக வாசித்தால் அந்தக் குறை தெரியும். கீபோர்டுக்காரரின் இடது கை ஜியையும் வலது கை பியையும் மட்டும் பிடித்தால் கார்டு முழுமையாகிவிடும். அவரிடம் முழுக் கார்டு வேண்டாம், இந்த இரண்டு சுரம் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இருவரும் எல்லாச் சுரங்களையும் வாசித்தால் ஸ்டீலின் ஒலி அதற்குள் அமுங்கிப்போகும்.