டயர் மாத்தினால் மீற்றர் பொய் சொல்லும்



கொழுந்து லொறி, உர லொறி, மரக்கறி லொறி என்று நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஸ்டியரிங் பிடித்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். சிலர் கடன் எடுத்து சொந்தமாகவே ஒரு பழைய லொறி வாங்கியிருக்கிறார்கள். வாங்கின கையோடு அநேகர் செய்கிற வேலை ஒன்று உண்டு. “ரோட்டு மோசம், கல்லுல அடிபடுது” என்று சொல்லி இருக்கிற டயரைக் கழற்றி, ஒரு சைஸ் பெரிசாகப் போடுவது. பார்க்க உயரமாக, கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அதனால் லொறிக்குள் என்னென்ன மாறுகிறது என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இம்முறை பாடம் அதைப் பற்றியது.

டயரின் பக்கத்தில் 7.50-16 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் ஏறக்குறைய 7.5 அங்குலம், ரிம் 16 அங்குலம் என்று அர்த்தம். அடுத்த சைஸ் 8.25-16. ரிம் ஒன்றேதான், ஆனால் டயரின் மொத்த உயரம் கூடிவிடும். முதலாவது டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் லொறி சுமார் 2.50 மீற்றர் நகரும். இரண்டாவது சுமார் 2.65 மீற்றர். கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் வித்தியாசப்படும். அதனால் புத்தகத்தைப் பார்ப்பதை விட நீங்களே அளப்பது நல்லது. காற்றைச் சரியாக அடித்து, வழக்கமான பாரத்தை ஏற்றி, சமதரையில் டயரிலும் தரையிலும் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். டயர் கோடு திரும்பவும் தரையைத் தொடும் வரை மெதுவாக உருட்டி, அந்தத் தூரத்தை அளவு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் டயரின் சுற்று.

மீற்றர் முள்ளுக்கு ரோட்டு தெரியாது. டயர் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் அது வேகத்தைக் காட்டுகிறது. சின்ன டயரில் ஒரு கிலோமீற்றருக்கு 400 சுற்று, பெரிய டயரில் 377 சுற்று. சுற்றுக் குறைந்தால் முள்ளும் குறைத்துத்தான் காட்டும். மீற்றர் 40 என்று சொல்லும்போது லொறி உண்மையில் 42க்கு மேலே ஓடுகிறது. 100 கிலோமீற்றர் ஓடினால் 94 என்றுதான் பதியும். கிலோமீற்றர் கணக்கில் ஹயர் ஓடுகிறவருக்கு இது நேராகக் கைநட்டம். 5,000 கிலோமீற்றரில் ஒயில் மாத்துகிறோம் என்று நினைப்பவர் 5,300ல்தான் மாத்துவார்.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. பழைய லொறியில் கியர் பொக்ஸிலிருந்து மீற்றருக்கு ஒரு கேபிள் போகும். அதன் அடியில் சின்னப் பல்சக்கரம் ஒன்று இருக்கும். 18 பல்லுக்குப் பதிலாக 17 பல்லுள்ளதைப் போட்டால் கேபிள் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், மீற்றர் ஏறக்குறைய நேராகிவிடும். பொருந்துகிற சக்கரம் கிடைக்குமா என்று மெக்கானிக் பாஸிடம் கேட்க வேண்டும். புதிய வண்டிகளில் கேபிள் இல்லை, கம்பியூட்டர்தான். கராஜில் கருவியைப் பொருத்தி இரண்டு இலக்கங்களைப் பார்ப்பார்கள்: டயரின் சுற்று, டிபரன்சலின் விகிதம். டயரை மட்டும் மாத்தியிருந்தால் டயர் இலக்கத்தை மட்டும் மாத்தச் சொல்லுங்கள், மற்றதில் கை வைக்க வேண்டாம். முதலில் இருந்த இலக்கத்தை ஒரு துண்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ஏஜென்சியில்தான் இதை மாத்த முடியும். வேலை முடிந்ததும் ரோட்டோரக் கிலோமீற்றர் கல்லைப் பார்த்து 5 கிலோமீற்றர் ஓட்டிச் சரிபாருங்கள். போனில் வேகம் பார்க்கிறவர்கள், வளைவுக்குள் அல்லாமல் நேரான இடத்தில் பார்க்க வேண்டும்.

இனித்தான் முக்கியமான விஷயம். மீற்றரைத் திருத்தினால் மீற்றர்தான் திருந்தும், இழுவை திருந்தாது.

ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று. இரண்டாம் கியர் 3க்கு 1, டிபரன்சல் 6க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 18. 2,000ஐ 18ஆல் வகுத்தால் டயர் நிமிடத்துக்கு 111 சுற்று. சின்ன டயரில் வேகம் மணிக்கு 16.7 கிலோமீற்றர், பெரிய டயரில் 17.7. உங்கள் லொறியின் விகிதம் வேறாக இருக்கும். இலக்கத்தை மாத்திப் போட்டு ஓ.எல். படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் நிமிடத்தில் செய்து தரும்.

ஒரு கிலோமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் பெரிய டயர் போட்டால் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் மேல் கியராகிவிட்டது என்று அர்த்தம். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், கிளச் தேயும். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். அதே வேகத்தில் எஞ்சின் குறைவாகச் சுற்றுவதால், எஞ்சின் பிடித்து நிறுத்துகிற பலம் குறைகிறது. எக்சோஸ்ட் பிரேக்கும் அப்படியே. பிரேக் டிரம் மாறவில்லை, டயர் உயர்ந்துவிட்டது. ஆகவே அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கிற பிடி நூற்றுக்கு 6 அளவில் குறைகிறது.

6 தொன் லொறி 100 மீற்றர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி, சுமார் 17 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் அதில் பங்கு எடுக்காவிட்டால் பெரும்பகுதியும் பிரேக்குக்குத்தான் போகும். சூடேறிய பிரேக் பிடிக்காது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கினாலும் ஹட்டன் பக்கம் இறங்கினாலும் எத்தனை நூறு மீற்றர் என்று எண்ணிப் பாருங்கள். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று மோதி, வேனிலும் ஓட்டோவிலும் வந்த 7 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அங்கே டயரைப் பற்றிய பேச்சு இல்லை. அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பதற்காகத்தான் சொல்கிறோம்.

ஆகவே பெரிய டயர் போட்ட லொறியில், முன்பு மூன்றாம் கியரில் இறங்கின இடத்தில் இரண்டாம் கியரைப் போடுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும், பாதி இறங்கின பிறகு கியர் விழாமல் போகலாம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கத்தைப் பற்றி என்ன சொல்வது! மிச்சமாகிற டீசல் ஒரு பிளேன்டீ காசு கூட வராது. இழுவை முழுதும் திரும்ப வேண்டுமானால் பழைய சைஸுக்கே போக வேண்டும், இல்லாவிட்டால் டிபரன்சலில் கிரவுன் வீலையும் பினியனையும் மாத்த வேண்டும். செலவைப் பார்த்தால் டயரை மாத்துவதே லேசு. கிரவுன் வீலை மாத்தினவர்கள், மீற்றர் கேபிளிலோ கம்பியூட்டரிலோ அந்த விகிதத்தையும் மாத்த மறக்கக் கூடாது.

பின்னால் இரட்டை டயர் உள்ள லொறியில் ஒன்று புதிசு, மற்றது தேய்ந்தது என்று சோடி சேர்க்காதீர்கள். உயர்ந்த டயர் தனியாகப் பாரம் சுமந்து சூடாகி வெடிக்கும். ஸ்பெயார் டயரும் அதே சைஸாக இருக்கட்டும்.