ரோபோ தவறிழைத்தால் பொறுப்பாளி யார்?

மாணவர்களே! "ரோபோவுக்குத் தண்டனை வழங்க வேண்டும்" எனப் பயிற்சித்தாள்களில் பலர் எழுதுகின்றீர்கள். இவ்விடை தவறானது. சட்டத்தின் முன் உரிமையும் கடமையும் உடையோர் மனிதரும், கம்பனி போன்ற சட்ட அந்தஸ்துள்ள நிறுவனங்களுமே. ரோபோ ஒரு பொருள். எனவே சட்டம் அதன் பின்னால் நிற்பவரைத் தேடுகின்றது.

1979 இல் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், போட் தொழிற்சாலையில் ரோபோவின் கை தாக்கித் தொழிலாளி ஒருவர் இறந்தார். குடும்பத்தினர் ரோபோவைத் தயாரித்த கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 1983 இல் ஒரு கோடி டொலர் நட்டஈடு தீர்ப்பாயிற்று. 2018 இல் அரிசோனாவில் ஊபர் கம்பனியின் தானியங்கிக் கார் மோதி ஒரு பெண் இறந்தார். இம்முறை கம்பனி மீது குற்றவியல் வழக்கு இல்லை; காரில் மேற்பார்வைக்கு அமர்ந்திருந்த சாரதியே 2023 இல் குற்றத்தை ஏற்றார். முன்னையது நட்டஈட்டு வழக்கு, பின்னையது குற்றவியல் வழக்கு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2023 இல் "அஸ்வெசும" நலன்புரித் திட்டத்துக்குக் குடும்பங்களைத் தெரிந்த விதத்தை வீட்டில் பேசக் கேட்டிருப்பீர்கள். 22 குறிகாட்டிகளின்படி தரவு திரட்டி, புள்ளியிட்டுப் பட்டியல் தயாரித்தனர். இது செயற்கை நுண்ணறிவு அன்று, வெறும் கணிப்பீடு. ஆயினும் பெயர் விடுபட்ட ஒரு தாய்க்கு இரண்டும் ஒன்றுதான்; "ஏன்?" என்று யாரிடம் கேட்பது? நாடெங்கும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு இவ்விடத்தில் முக்கியமானது. முற்றிலும் தன்னியக்கமாக எடுக்கப்பட்ட தீர்மானம் ஒருவரின் உரிமைகளில் மீளமுடியாத, தொடர்ச்சியான தாக்கத்தை ஏற்படுத்துமாயின், அதனை மீளாய்வு செய்யுமாறு அவர் கோரலாம். ஆனால் வேறொரு சட்டம் அதிகாரமளித்த தீர்மானங்களுக்கும், நாமே சம்மதம் கொடுத்தவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு. கைபேசியில் "சம்மதம்" என்பதை வாசிக்காமலே அழுத்துகின்ற நமக்கு இது பெரிய ஓட்டை என்பதே என் எண்ணம். (சட்டம் இயற்றப்பட்ட ஆண்டைக் கேட்டால் 2022 என எழுதுக. எல்லாப் பிரிவுகளும் உடனே நடைமுறைக்கு வரவில்லை.)

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 இல் அமுலுக்கு வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆபத்தின் அளவைப் பார்க்கின்றது. மக்களின் நடத்தைக்குப் புள்ளியிட்டு அவர்களை அநியாயமாக நடத்துவதை அது தடைசெய்கின்றது.

பயிற்சி வினா: நலன்புரிப் பட்டியலில் பெயர் விடுபட்ட ஒருவர் 18 ஆம் பிரிவின் கீழ் மீளாய்வு கோர முடியுமா? விதிவிலக்குகளையும் கருத்திற்கொண்டு விடை தருக.